காணிகளின் பச்சிலை அறிவைக் காக்க நாம் செய்யக்கூடியது

திருநெல்வேலி மாவட்டத்து விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பாபநாசம் மலையில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களின் மருந்தறிவு வயதானவர்களோடு போய்விடும் போலிருக்கிறது. நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அவர்களிடம் கேட்டு வீடியோ எடுத்து, எந்த இலை எந்த நோய்க்கு என்று பட்டியல் போட்டு, எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாம் என்று இருக்கிறோம். கூடவே அடிவாரத்தில் ஒரு மூலிகைத் தோட்டமும் போடலாம் என்று யோசனை. எங்கிருந்து ஆரம்பிப்பது?"

உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கேமராவை இப்போதைக்கு வீட்டில் வையுங்கள். பட்டியல் யோசனையை விட்டுவிடுங்கள். தோட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். காணிகளின் அறிவைக் காப்பாற்றப் போகிறவர்கள் காணிகள்தான். அதற்கு அவர்களுக்குக் காடு வேண்டும், அந்தக் காட்டில் உரிமை வேண்டும், பிள்ளைகளோடு காட்டுக்குள் நடக்க நேரம் வேண்டும். இதெல்லாம் கிடைக்க அடிவாரத்து ஆட்கள் என்ன கைகொடுக்கலாம் என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீங்கள் செய்ய நினைப்பதைத்தான் நானும் செய்தேன். காணிக்குடியிருப்பில் ஒரு பெரியவர் என்னை நம்பி ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு கிழங்கைக் காட்டினார். எதற்கு ஆகும், எப்படி அரைக்க வேண்டும், எந்த மாதம் தோண்டக் கூடாது என்று எல்லாமே சொன்னார். நான் செடியின் பெயர், பயன், இடம் மூன்றையும் ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். அது கருத்தரங்கு மலரிலும் அச்சானது. மூன்றாவது வருடம் போனபோது அந்த ஓடைக்கரை குழிகுழியாகக் கிடந்தது. ஒரு கொடி மிச்சமில்லை. என் கட்டுரையைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இடத்தை எழுதி வைத்தது நான். பெரியவர் என்னைத் திட்டவில்லை. அதன்பிறகு எத்தனையோ தடவை அவரோடு நடந்திருக்கிறேன், தேநீர் குடித்திருக்கிறேன். ஆனால் அவர் எனக்கு இன்னொரு செடியைக் காட்டவே இல்லை. அதனால்தான் அந்தக் கிழங்கின் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை.

நம் பக்கத்து மலையில் காணிகள் ஐந்து குடியிருப்புகளில் இருக்கிறார்கள்: அகத்தியர் காணிக்குடியிருப்பு, சின்ன மயிலார், பெரிய மயிலார், சேர்வலாறு, இஞ்சிக்குழி. இஞ்சிக்குழிக்குக் காரையாறு அணைத் தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டும். மலையின் அந்தப் பக்கம், கேரளத்திலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவர்களுடைய சொந்தக்காரர்கள் பரவி இருக்கிறார்கள். 1962-இல் முண்டந்துறை புலிகள் சரணாலயம் வந்தது. 1976-இல் களக்காடு சரணாலயம். இரண்டையும் சேர்த்து 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. 2001-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2016-இல் அதற்கு யுனெஸ்கோவின் அங்கீகாரம். ஒவ்வொரு முறையும் அதே காட்டுக்குப் புதுப் பெயரும் புது விதியும் வந்தன. அங்கேயே இருந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வந்தது.

இனி ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் செய்ய நினைக்கும் எல்லாவற்றுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

1987-இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு, கேரளப் பக்கமாக அகத்தியமலைக்கு ஏறியது. வழிகாட்டிகள் காணி இளைஞர்கள். ஏறி ஏறி ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது, காணிகளோ ஏதோ சின்னக் காயைக் கடித்துக்கொண்டே களைப்பில்லாமல் நடக்கிறார்கள். என்ன அது என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம் அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கொடுத்து, வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலில் அதற்கு டிரைக்கோபஸ் சைலானிக்கஸ் என்று பெயர். காட்டு நிழலில், ஓடையோரத்தில் வளரும் சின்னச் செடி.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தார்கள். காணிகள் சாப்பிட்டது காய், மருந்துக்கு எடுத்தது இலை. 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்தியப் பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமப் பங்கு. இந்த இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அப்போது இந்தியாவில் அப்படிக் கொடுக்கச் சொல்லும் சட்டமே கிடையாது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல்தான் வந்தது. அந்த வகையில் அது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 1997 நவம்பரில் காணிகளுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999-இல் ஐந்து லட்சத்துச் சொச்சம் ரூபாய் அதன் கணக்குக்குப் போனது. 2002-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. அறிவைத் தந்தவர்களுக்கும் வருமானத்தில் பங்கு கொடுப்பதைப் பயன்பகிர்வு என்பார்கள். அதைப் பற்றி உலகத்தில் எங்கே பேசினாலும் இந்த மலையைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

சரி, அப்புறம் என்ன நடந்தது? உரிமம் கொடுத்த பிறகுதான் அறக்கட்டளை வந்தது. அதாவது, பங்கு எவ்வளவு என்று பேசிய இடத்தில் காணிகளின் சமூகமாக யாரும் உட்காரவில்லை. காணி வைத்தியர்கள் சிலர், எங்கள் அறிவைக் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று கேரள முதலமைச்சருக்கே கடிதம் எழுதினார்கள். சொன்னது இரண்டு மூன்று வழிகாட்டிகள், அறிவோ எல்லோருடையது. யாரைக் கேட்டிருக்க வேண்டும்? அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. செடிக்குத் தேவை கூடியதும், காணிகளே பயிர் செய்து இலையை விற்கலாம் என்று திட்டம் போட்டார்கள். வனத்துறை ஒத்துக்கொள்ளவில்லை, காட்டுச் செடியை எடுப்பது குற்றம் என்றது. இடையில் வெளியாட்கள் வந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஜீவனி என்ற பெயரையே தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்த அறக்கட்டளையின் பெயரிலேயே 'கேரள' என்று இருக்கிறது. மலையின் இந்தச் சரிவில், இஞ்சிக்குழியிலும் மயிலாரிலும் இருக்கும் காணிகளுக்கும் அந்தச் செடி தெரியும். அவர்களுடைய முன்னோரும் அதே காட்டில்தான் நடந்தார்கள். மாநில எல்லை, அவர்களை அந்தக் கணக்குக்கு வெளியே நிறுத்திவிட்டது. நாளைக்கு நீங்கள் நான்கு பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியல் போட்டால், இதே தப்பைச் சின்ன அளவில் செய்கிறீர்கள். நான்கு பேர் சொல்லியிருப்பார்கள், மற்றவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எழுதி வெளியிட்டால் யாரும் காப்புரிமை எடுக்க முடியாதே, மஞ்சளுக்கு அப்படித்தானே ஆயிற்று" என்று உங்கள் நண்பர்களில் ஒருவராவது சொல்வார். உண்மைதான். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் கொடுத்த காப்புரிமையை, நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. அதற்குப் பிறகு சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களில் உள்ளவற்றை மரபறிவு மின்னூலகமாகத் திரட்டினார்கள். ஆனால் அதைக்கூட அரசு திறந்து வைக்கவில்லை. காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும், ரகசிய ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுத்தது. வேறு பயனாளிகளுக்கும் திறக்கலாம் என்று அமைச்சரவை சொன்னதே 2022-இல்தான். நூலில் ஏற்கெனவே உள்ளதற்கே அவ்வளவு காவல் போட்டார்கள் என்றால், வாயில் மட்டும் இருப்பதை யூடியூபில் போடுவதற்கு முன் நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்.

நூல் அறிவு, வாய் அறிவு என்ற இந்த வேறுபாடு சட்டத்திலும் இருக்கிறது. அகத்தியர் பெயரில் எத்தனையோ வைத்தியப் பாடல்கள் ஏட்டில் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அது எழுதி வைத்த மரபு. காணிகளின் மருந்தறிவு எழுத்தில் இல்லை. 2023-இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தியபோது, அரசு அங்கீகரித்த பழைய நூல்களில் உள்ள அறிவைப் பயன்படுத்துவோர் பயன்பகிர்வு தர வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்தார்கள். வாய்வழி அறிவுக்கு அந்த விலக்கு இல்லை. அதாவது, காணிகளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் பங்கு தர வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் முக்கியமான பிடி இது. நீங்கள் ஒரு பட்டியலை ஊருக்கெல்லாம் பரப்பிவிட்டால், நாளைக்கு ஒரு கம்பெனி யாரிடமிருந்து தெரிந்துகொண்டது என்று யாரால் சொல்ல முடியும்? "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று கையை விரித்துவிடுவார்கள்.

அதோடு, பட்டியலில் அடங்குவது எவ்வளவு கொஞ்சம் என்பதையும் சொல்ல வேண்டும். காணிகளின் வைத்தியருக்குப் பிலாத்தி என்று பெயர். உடம்புக்கு முடியாதவருக்கு அவர் பச்சிலை மட்டும் கொடுப்பதில்லை. சாற்றுப்பாட்டு பாடுவார். கொக்கரை என்று ஒரு கருவி, பல்பல்லாக வெட்டிய இரும்புக் குழாய். அதை இரும்புக் கம்பியால் உரசிக்கொண்டே இரவு முழுக்கப் பாடுவார்கள். மலையையும் தெய்வங்களையும் பெயர் சொல்லி அழைப்பார்கள், குடியிருப்பே சுற்றி உட்கார்ந்திருக்கும். நோயாளி தனியாகக் கிடப்பதில்லை. ஒருமுறை உடம்புக்கு முடியாத ஓர் அம்மாவுக்காக அப்படிப் பாடிய இரவு முழுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தேன். விடியும்போது அந்த அம்மாவின் முகத்தில் இருந்த தெளிவை எந்த இலையின் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டு காணிகளின் சொந்தப் பேச்சில் இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு மறந்தால் பாட்டும் போகும், பாட்டில் வரும் செடிப் பெயர்களும் போகும்.

அவர்கள் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். காட்டுக்கிழங்கு தோண்டினால் கொடியின் தலையை ஒரு துண்டுக் கிழங்கோடு திரும்ப மண்ணில் வைத்து மூடுவார்கள். பட்டை வேண்டுமென்றால் மரத்தைச் சுற்றி உரிக்க மாட்டார்கள், ஒரு பக்கம் மட்டும் சீவுவார்கள். சில செடிகளை இன்ன நாளில் தொடுவதில்லை, சிலவற்றைக் கேட்காமல் பறிப்பதில்லை. ஒரு பெரியவர் பச்சிலை கிள்ளுவதற்கு முன் வாய்க்குள் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அதுட்ட சொன்னது, உன்ட்ட இல்ல" என்றார். அதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன். ஒரு செடி எங்கே, எப்போது, எவ்வளவு, யார் எடுக்கலாம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த அறிவு. "இலை: காய்ச்சலுக்கு" என்று எழுதும்போது, செடியைக் காப்பாற்றும் பாதியை விட்டுவிட்டு, செடியை அழிக்கக்கூடிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

மரமஞ்சளைப் பாருங்கள். அதன் தண்டுதான் மருந்து, தண்டை வெட்டினால் கொடி போச்சு. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. காய்ப்புக்கு வரவே பல வருடம். நாட்டு மருந்துக் கடையில் கிலோ கணக்கில் கேட்டால், அதை யாரோ எங்கோ வெட்டியாக வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையில் அது அற்றுப்போகும் நிலைக்கு வந்ததற்குக் காரணம், மலையில் இருப்பவர்கள் தங்கள் தேவைக்கு எடுத்தது இல்லை. சந்தை இழுத்தது.

இனி, அந்த அறிவு ஏன் தேய்கிறது என்பது. வயதானவர்கள் இறந்துபோவதால் என்று நாம் நினைக்கிறோம். எல்லாத் தலைமுறையிலும் வயதானவர்கள் இறந்துதான் போனார்கள், அறிவு போகவில்லை. அடுத்த தலைமுறை கூடவே நடந்தது. இப்போது பிள்ளைகள் படிப்புக்காக விடுதியில் இருக்கிறார்கள். படிக்கட்டும், படிக்கத்தான் வேண்டும். ஆனால் விடுமுறைக்கு வரும்போதும் அப்பாவோடு காட்டுக்குள் போக முடியாமல் பயமும் விதியும் மறித்தால், எங்கே கற்றுக்கொள்வது? மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) நல்லமிளகும் போட்டு, தேன் எடுத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குக் காட்டில் கால் வைப்பதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் இருந்தால், பச்சிலையைப் பற்றிப் பேச்சு எழுமா?

இதற்கு மருந்து 2006-இன் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். வீட்டு நிலத்துக்கும் விளைநிலத்துக்கும் பட்டா என்ற அளவில்தான் பலருக்கு அந்தச் சட்டம் தெரியும். அதன் 3-ஆம் பிரிவில் இன்னும் நிறைய இருக்கிறது. சிறு வனப்பொருள் மீதான உரிமை. தாங்கள் வழிவழியாகக் காத்துவரும் சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை. பல்லுயிர்களை அணுகும் உரிமை. பல்லுயிரும் பண்பாடும் சார்ந்த மரபறிவின் மீது சமூகமாக அறிவுசார் சொத்துரிமை. இத்தனையும் எழுத்தில் இருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பே தன் கிராம சபையைக் கூட்டிக்கொள்ளலாம், தன் காட்டின் வளத்தை யார் எப்படி எடுப்பது என்பதை அந்தச் சபை ஒழுங்குபடுத்தலாம். தமிழ்நாட்டில் இது தாமதமானதற்கு ஒரு காரணம் நீதிமன்றம். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவு 2016-இல்தான் விலகியது. எட்டு ஆண்டுகள் சும்மா போனது.

இங்கேதான் உங்களைப் போன்ற படித்த பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. உரிமைகோரிக்கைக்குச் சான்றுகள் வேண்டும். பழைய வரைபடம், அரசு ஆவணம், வழிபாட்டு இடம், சுடுகாடு, பழைய குடியிருப்பின் தடம் எல்லாமே சான்று. கோரிக்கை கொடுப்பவர் அல்லாத வேறு பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று. இதைச் சட்டவிதியே ஒத்துக்கொள்கிறது. சமூக உரிமைக்கு ஒரு படிவம், சமூக வன வளத்துக்கு 2012 திருத்தத்தில் சேர்த்த இன்னொரு படிவம். வன உரிமைக் குழு சரிபார்த்து, கிராம சபை தீர்மானம் போட்டு, அங்கிருந்து கோட்ட அளவுக் குழுவுக்குப் போகும். நம் பகுதிக்கு அது சேரன்மகாதேவி. அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. மலையிலிருந்து ஒருவர் சேரன்மகாதேவிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். நகல் எடுக்க, தட்டச்சு செய்ய, கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டுவர, தள்ளுபடி செய்தால் மேல்முறையீட்டு நாளைத் தவறவிடாமல் நினைவுபடுத்த, அவர்கள் கேட்டால் நீங்கள் கூடப் போகலாம். வீடியோ எடுப்பதைவிட இது அலுப்பான வேலை. ஆனால் ஒரு சபைத் தீர்மானத்துக்கு இருக்கும் பலம் ஆயிரம் வீடியோவுக்கு இல்லை. ஏற்கெனவே எந்தக் குடும்பத்துக்கு எந்த உரிமை கிடைத்திருக்கிறது, எது நிலுவையில் இருக்கிறது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இன்னொரு பதிவேடும் இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாளில் நிரப்பிக் கொடுத்தால் அது வெறும் தாள். காணி இளைஞர்களே எழுதி, எது வெளியே தெரியலாம், எது குடியிருப்புக்குள் மட்டும், எது பிலாத்தியின் குடும்பத்துக்குள் மட்டும் என்று அவர்களே பிரித்தால்தான் அது பதிவேடு. ஐ.நா. 2007-இல் ஏற்ற பழங்குடி உரிமைப் பிரகடனத்தின் 31-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: தங்கள் மரபறிவைப் பேணவும், அதன்மேல் கட்டுப்பாடு வைத்திருக்கவும், காக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. சொல்லாமல் இருக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் பதிவே வேண்டாமா? வேண்டும், அவர்கள் கேட்டால். ஒரு குடியிருப்பில் பெரியவரின் பாட்டைப் பேரன் தன் போனில் பதிய ஆசைப்படலாம். அவனுக்கு ஒரு நல்ல ஒலிவாங்கியும் சேமித்து வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள், எப்படிப் பிரதி எடுத்து வைப்பது என்று சொல்லிக்கொடுங்கள். பதிவு அவர்கள் வீட்டில் இருக்கட்டும். உங்களிடம் ஒரு பிரதிகூட வேண்டாம். உங்களைப் பதியச் சொல்லி அவர்களே கேட்டாலும், செடியின் முகம், இடம், அளவு, கலவை இந்த நான்கும் வெளியே வரக் கூடாது. பின்னணியில் ஓடையோ பாறையோ தெரிந்தால் போதும், இடம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். போனில் எடுக்கும் படத்தில் இருப்பிடக் குறிப்பு தானாகவே பதியும், அதை முதலிலேயே அணைத்து வையுங்கள்.

பணம் திரட்டுவது பற்றியும் கேட்கத் தோன்றும். ஒருவர் கையில் கொடுக்காதீர்கள். சின்ன ஊரில் அது அண்ணன் தம்பியைப் பிரித்துவிடும். ஜீவனி பணம் வந்தபோது அறக்கட்டளை தேவைப்பட்டதே இதனால்தான். அதைவிட, அவர்களிடமிருந்து நியாய விலைக்கு வாங்குங்கள். மலைத்தேனும் நல்லமிளகும் தரகர் கை மாறித்தான் அடிவாரத்துக்கு வருகின்றன. விக்கிரமசிங்கபுரத்திலும் அம்பாசமுத்திரத்திலும் இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, குடியிருப்பின் குழு சொல்லும் விலைக்கு, வருடா வருடம் இவ்வளவு வாங்குகிறோம் என்று சொன்னால் அதுவே பெரிய தாங்கல். தேன் குறைந்த வருடம் குறைவாகத்தான் கிடைக்கும், அப்போது முகம் சுளிக்கக் கூடாது. பச்சிலையை மட்டும் விற்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஆரோக்கியப்பச்சை மாதிரியான செடிகள் காட்டு நிழலையும் ஈரத்தையும் விட்டு வந்தால் நிற்காது, நின்றாலும் அதே குணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அவற்றுக்குக் காடுதான் தோட்டம். இது புரிந்துதான் 1990-களில் வனத்துறையும் பெங்களூரைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து முண்டந்துறையிலும் குற்றாலத்திலும் மருத்துவத் தாவரப் பாதுகாப்புப் பகுதிகளைக் காட்டுக்குள்ளேயே அமைத்தார்கள். நீங்கள் அடிவாரத்தில் போட வேண்டியது வேறு. கடையில் அதிகம் போகிற, சமவெளியில் நன்றாக வருகிற ஆடாதொடை, நிலவேம்பு, சீந்தில், நெல்லி, நொச்சி. இவற்றை வயலோரத்தில் வளர்த்தால் மலையிலிருந்து பிடுங்கும் தேவை அந்த அளவுக்குக் குறையும். நம் மாவட்டத்துக்கு இதில் பழக்கமும் உண்டு. நிலாவாரைக்கு உலக மருந்துச் சந்தையில் இன்றும் 'திருநெல்வேலி சென்னா' என்றுதான் பெயர். அரேபியப் பக்கத்திலிருந்து வந்த செடி, நம் கரிசலிலும் செம்மண்ணிலும் பயிராகி நம் ஊர்ப் பெயரை வாங்கிக்கொண்டது. மலைச்செடிகளுக்கு நாற்றங்கால் வேண்டும் என்று காணிகளே முடிவு செய்தால், அது அவர்கள் குடியிருப்பில், அவர்கள் பெயரில் இருக்கட்டும். மண்ணும் வலையும் சுமந்து கொடுங்கள், போதும்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நம் சனம் எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரியும். புலிக்காட்டுக்குள் நாள்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு, பிளாஸ்டிக்கையும் பழைய துணியையும் ஆற்றில் விட்டுவிட்டு வருகிறோம். காணிகளின் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அவர்கள் செடிகளும் அந்தக் கரையில்தான் நிற்கின்றன. மலைமேல் போய் அவர்களுக்கு இயற்கையைக் காக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன், நம் வீட்டிலிருந்து கிளம்பும் வேனில் என்ன ஏறுகிறது என்று பாருங்கள். உங்கள் ஐந்தாறு பேருக்கு இந்த ஆடியிலேயே வேலை இருக்கிறது, யாருடைய அனுமதியும் தேவையில்லை.

குடியிருப்புக்குப் போவதற்கு அனுமதி தேவை. பாபநாசம் செக்போஸ்டில் கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அதற்கும் முன்னால், அடிவாரத்துக்குச் சாமான் வாங்க வரும் காணிக்காரர் யாராவது ஒருவரிடம், இன்னார் வரலாமா என்று மூட்டுக்காணியைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மூட்டுக்காணி என்றால் குடியிருப்புக்குத் தலைவர். முதல் தடவை இரண்டு பேர் மட்டும் போங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாயும் நமக்கு செல்ஃபியும் வேண்டாம். மருந்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி, யானை வந்து மிதித்த மரச்சீனி, நின்றுபோன பட்டா மனு, அவர்கள் எதைப் பேசுகிறார்களோ அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். "பொறவு பார்ப்போம்" என்று சொன்னால் அதுதான் அன்றைய பதில். வெயில் சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள், அந்தப் பாதையில் சாயங்காலம் யானை நடமாட்டம் உண்டு.